காசிலிங்கம் நிறுத்தாத மோட்டார்

காசிலிங்கம் மரக்காணத்து உப்பளக்காரர். அப்பா விட்டுப்போன பாத்திகளை விற்றுத் தின்னவில்லை. அவரைப் பற்றி நல்லதாக எழுத இது ஒன்றுதான் உண்டு.

உப்பளத்தில் போர் தண்ணீர் எவ்வளவு கரிக்கிறதோ அவ்வளவு நல்லது. மோட்டாரை ஓயவிடாமல் ஓட்டினால் கரிப்பு ஏறும். அறுபது வயதுவரை தண்ணீரைப் பற்றி அவர் கற்றது அவ்வளவே.

2021இல், பிரம்மதேசம் போகும் வழியில், கழுவெளிச் சதுப்புநிலத்தின் ஓரமாக ஒரு நிலம் வாங்கினார். எண்பது அடியில் நல்ல தண்ணீர் கிடைத்தது. கடற்கரைச் சாலை விடுதிகளின் நீச்சல் குளங்களுக்கு லாரி லாரியாக விற்றார். மோட்டாரை உப்பளத்தில் ஓட்டுவதுபோலவே இங்கும் ஓட்டினார்.

பக்கத்து நிலத்து அர்ச்சுனனுக்கும் அதே ஊற்றுதான். அவர் காலையில் இறைத்துவிட்டு நிறுத்திவிடுவார்.

“ஏம்பா அர்ச்சுனா, மோட்டாருக்குத் தாலாட்டு பாடுறியா?”

“ஊற விடலன்னா அடியில இருக்கிற உப்புத்தண்ணி மேல ஏறிடும்ண்ணே. கொஞ்சம் நிறுத்துங்க. என் நாத்து பூரா இத நம்பித்தான் இருக்குது.”

“உப்பளக்காரனுக்கே தண்ணிய பத்தி கிளாஸ் எடுக்கிறான் பாரு!”

லாரி டிரைவர்கள் சிரித்தார்கள். அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்போல.

அடுத்த சித்திரையில் விடுதிகள் லாரியைத் திருப்பி அனுப்பின. தண்ணீர் கரித்தது. அதே வாரம் அர்ச்சுனனின் நாற்றங்கால் நுனி முதல் கருகிப்போனது.

வேறு எவனாக இருந்தாலும் வெட்கப்பட்டிருப்பான். காசிலிங்கம் போர் போடும் ரிக் வண்டியை வரவழைத்து இருநூறு அடிக்கு இறக்கினார். வந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“அட, நம்ம அளத்து தண்ணியவிட சூப்பரா இருக்குது! இங்கியே பாத்தி கட்டிடலாம்.”

“அப்போ வீட்டுக்குக் குடிக்க?” என்றார் அவர் மனைவி சூர்யகலா.

“லாரியில வாங்கிக்கலாம்.”

“எவன் லாரியில? தண்ணி லாரிக்காரனே நீதானேய்யா!”

காசிலிங்கம் வரப்பில் நின்ற அர்ச்சுனன் பக்கம் திரும்பினார்.

“உன் நெலம் இனிமே எதுக்கு ஆவும்? எங்கிட்ட குத்தகைக்குக் குடுத்துடு. சேத்து பாத்தி கட்டிடறேன். நீயும் வேலைக்கு வா.”

அர்ச்சுனன் நேராகக் காசிலிங்கத்தின் மோட்டார் கொட்டகைக்குள் போய் ஸ்விட்சை அணைத்தார். பிறகு கருகிய நாற்றின் வழியாகவே நடந்து வீட்டுக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் காசிலிங்கம் மறுபடி ஸ்விட்சைப் போட்டார்.