புளி போட்டுத் துலக்கிய பானை

ஊறப்போட்ட புளியை உப்போடு பிசைந்து, கமலாதேவி செப்புப் பானையின் அடியை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீடுகளுக்குப் போய் முதியவர்களைப் பராமரிப்பது அவள் வேலை. பானை துலக்குவது அதில் சேராது. ஆனாலும் மறுநாள் ஊர் வரலாற்றுச் சங்கத்தார் வந்து அவள் பராமரிக்கும் மூதாட்டி ஹெட்விக்கின் பழைய வீட்டுச் சாமான்களைக் காட்சிக்கு எடுத்துப் போகிறார்கள். கரிப்பானையை யாராவது நாலு பேர் முன்னால் வைப்பார்களா?

டென்மார்க்கின் விபோர்க் நகருக்கு வெளியே, தரிசு நிலத்தில் உருளைக்கிழங்கு நட ஜெர்மனியிலிருந்து வந்த ஹெட்விக்கின் முன்னோர் வண்டியில் கொண்டுவந்த பானை அது. அந்தப் பழங்கரிக்காகவே சங்கத்தார் அதை விரும்பினார்கள் என்பது கமலாதேவிக்குத் தெரியாது.

கரி போனதும் ஆணியால் கீறிய எழுத்துகள் தெரிந்தன. ‘ஜெர்மன் நாய்கள்.’ கீழே ஒரு பெயர்: ஆக்சல்.

“என்ன செய்துபோட்டாய், கமலா?” நாற்காலியிலிருந்த ஹெட்விக்கின் முகம் வெளிறியது. “அதை மறைக்கத்தான் அம்மா நெருப்பில வைச்சு வைச்சுக் கரியாக்கினவா.”

1945இல், டென்மார்க்கைப் பிடித்திருந்த ஜெர்மன் படை சரணடைந்து சண்டை முடிந்த கிழமை. பக்கத்துப் பண்ணை இளைஞன் ஆக்சல், தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்த குடும்பத்தின் சாமான்களை முற்றத்தில் வீசினான். பானையில் கீறி, அதை ஹெட்விக்கின் தாயின் தலையில் கவிழ்த்துச் சிரித்தான். ஹெட்விக் சிறுமி, பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அவன் இப்ப எங்கை?” என்றாள் கமலாதேவி.

“நாளைக்கு வாறான். சங்கத் தலைவர் அவன்தான்.”

கமலாதேவி கையைக் கழுவினாள். அவள் நாட்டுச் சண்டையும் போன கிழமைதான் முடிந்திருந்தது. கிளிநொச்சியில் அவள் வீட்டை வழித்துத் துடைத்துக்கொண்டு போனவன் எவனென்று அவளுக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதுமில்லை.

“உங்களுக்கு ஆள் அம்பிட்டிட்டான், ஹெட்விக். எனக்கு அது குடுத்துவைக்கேல்லை. விடாதேங்கோ.”

“எண்பது வயசுக் கிழவன்.”

“கண் தெரியாட்டி என்ரை கண்ணாடியைக் குடுக்கிறன்.”

“இன்னொருக்காத் தேய்,” என்றாள் ஹெட்விக். “எழுத்து மின்னவேணும்.”

மறுநாள் காலை கமலாதேவி மேசையில் வெள்ளைத் துணி விரித்துப் பானையைக் கவிழ்த்து வைத்தாள். ஆக்சல் இரண்டு பேரோடு வந்தார். கரி எங்கே என்று கேட்டபடி குனிந்தவர், நிமிரவில்லை.

“சத்தமா வாசி, ஆக்சல்,” என்றாள் ஹெட்விக். “வந்த ஆக்களுக்கும் கேக்கட்டும். காட்சியிலயும் இப்பிடிக் கவிழ்த்துத்தான் வைக்கவேணும். இல்லாட்டி ஒரு கரண்டியும் வெளிய போகாது.”

அவர் வாசித்தார், தன் பெயரையும் சேர்த்து. அதுவரை கமலாதேவி கோப்பி ஊற்றவில்லை. பிறகு மூவரும் பானையைக் கவிழ்த்தபடியே தூக்கிப்போய்க் காரில் வைத்தார்கள்.