ஹெச்.டி. பிளேயருக்கு நான் பாஸ் போடாத கதை

என் கண் இரண்டும் அவிந்துபோய்விட்டன என்று மூன்று நாள் முழுசாக நம்பினேன். கறுப்புக் கண்ணாடி போட்டால் முகத்துக்கு எடுப்பாக இருக்குமா என்று நிலைக்கண்ணாடி முன்னால் நின்று யோசிக்கவும் செய்தேன். அதில் என் மூக்கு மயிர் வரை துல்லியமாகத் தெரிந்தது என்பது அப்போது உறைக்கவில்லை.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கலர் பார்ப்பது என் வேலை. பட்டாசு லேபிளோ சாமி காலண்டரோ, மிஷினில் ஓடி வரும் முதல் தாளை லென்ஸ் வைத்துப் பார்த்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டு நான் ‘பாஸ்’ சொன்னால்தான் மற்ற தாள்கள் ஓடும். எனக்குச் சோறு போடுவது கை அல்ல, கண்.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் இருக்கும். லேபிள் வேலை ஓய்ந்து, காலண்டர் சீசன் தொடங்க இன்னும் நாலு நாள். முதலாளி வீட்டுத் தட்டை டிவிக்குத் துணையாக, டிவிடியைவிடப் பல மடங்கு துல்லியமாக ஹெச்.டி. படம் காட்டும் ப்ளூரே பிளேயர் வந்து இறங்கியது. மதுரைக் கடையிலிருந்து ஆள் வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுக்கலாமாம். வடக்கேயிருந்து ஆர்டர் கொடுக்க வருகிறவர்களுக்கு நம் பட்டாசு வானத்தில் பூப்பதை அதில் போட்டுக் காட்ட வேண்டும் என்பது முதலாளியின் ஆசை.

“கண்ணுக்காரரே, இங்கன வாரும். வச்சுக்கிடலாமா, திருப்பிறலாமான்னு நீருதான் சொல்லணும்” என்றார்.

அந்தப் புதுப் பிளேயரிலேயே ஒரே படத்தைப் பழைய டிவிடியிலும் புது டிஸ்க்கிலும் மாற்றி மாற்றிப் போட்டார். சுற்றி ஏழு பேர். “அடேயப்பா, தண்ணி மேல தெறிக்குது அண்ணாச்சி!” என்று எங்கள் கணக்குப்பிள்ளை சட்டையைத் துடைத்துக்கொண்டார். ஏழு பேரும் வாயைப் பிளந்தார்கள். எனக்கோ இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. கண்ணைக் கசக்கினேன். தள்ளி நின்றேன். கிட்டப் போனேன். ஊஹூம்.

“எனக்கு வித்தியாசமே தெரியலையே, அண்ணாச்சி.”

முதலாளி சிரித்தார். “என்னய்யா, வயசாயிருச்சோ? காலண்டருக்கு வேற ஆளப் பாக்கணும் போலயே.”

அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்கு வேலை போய்விட்டது போலவே கேட்டது. பதற்றத்தில் பையிலிருந்த லென்ஸை எடுத்து டிவித் திரையில் அப்பினேன். அச்சில் நான் ஆயுசெல்லாம் பார்த்த மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்புப் புள்ளிகள் ஒன்றுகூட அங்கே இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று கோடு கோடாக நின்றது. “மஞ்சள் கலரே ஓடலை அண்ணாச்சி, மிஷினை நிறுத்துங்க!” என்று கத்திவிட்டேன். டிவி எல்லாமே அப்படித்தான் என்று தெரியாத ஒரே ஆள் அந்த அறையில் நான்தான். கணக்குப்பிள்ளைக்குச் சிரித்துப் புரையேறியது.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதற்கும் அசைய மாட்டாள். தட்டில் கடுகைக் கொட்டி, “இதுல கல்லு பொறுக்குங்க” என்றாள். பொறுக்கினேன். ஊசியைக் கொடுத்தாள். முதல் தடவையிலேயே நூல் கோத்தேன்.

“கண்ணு நல்லாத்தான் இருக்கு. வேற எங்கனயோதான் கொறை” என்று என் நெற்றியைத் தட்டிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள், வேலையில்லாத மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் மூளை என்று ஒன்று எனக்கு இருப்பது ஞாபகம் வந்தது. கலர் ஒன்றோடொன்று சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க நாங்கள் சாமி முகத்தைப் பார்ப்பதில்லை. சிவப்புப் பின்னணியில் இருக்கும் பொடி வெள்ளை எழுத்தைப் பார்ப்போம். சிவப்பு கொஞ்சம் விலகினாலும் எழுத்துக்குள் கசியும். விட்டேன் சைக்கிளை முதலாளி வீட்டுக்கு.

புது டிஸ்க்கைப் போட்டதும் திரையில் வரும் முகப்பில் அதே மாதிரி சிவப்புப் பட்டையும் வெள்ளை எழுத்தும் இருந்தன. நிறுத்தி வைத்துப் பார்த்தேன். வெற்றிலை போட்ட வாய் மாதிரி எழுத்தெல்லாம் சிவப்பு வழிந்தது. டிவிடியைப் போடச் சொன்னேன். அதிலும் அதே முகப்பு, அதே வழிசல், அதே அளவு.

“அண்ணாச்சி, ரெண்டு வேற வேற அச்சு பிளேட்டுல ஒரே கோளாறு வந்தா நாம பிளேட்டையா வைவோம்? மிஷினைத்தான பாப்போம்? டிஸ்க்குல தப்பில்ல, எங் கண்ணுலயும் தப்பில்ல. இந்தப் படத்துக்கு நான் பாஸ் போட மாட்டேன். கடைக்காரரக் கூப்பிடுங்க!”

கணக்குப்பிள்ளை, “மஞ்சள் ஓடலையோ?” என்று கேட்டார். முதலாளி சிரிக்கவில்லை. எழுத்தருகே குனிந்து பார்த்தவர், நேரே போனை எடுத்தார்.

மறுநாள் காலை, மாட்டிக் கொடுத்த அதே கடை ஆள் வந்தார். டிவியின் பின்பக்கம் தலையை விட்டவர் கொஞ்ச நேரம் வெளியே எடுக்கவே இல்லை. பிறகு பையிலிருந்து தடித்த கறுப்புக் கேபிள் ஒன்றை எடுத்து மாட்டினார். அதே முகப்பு, அதே சிவப்புப் பட்டை. வெள்ளை எழுத்து பிளேடால் வெட்டி ஒட்டியதுபோல நின்றது. படம் ஓடியபோது நானே சட்டையைத் துடைத்துக்கொண்டேன்.

“நான் அன்னைக்கே நெனச்சேன்” என்றார் கணக்குப்பிள்ளை.

“நீரு சும்மா இரும்யா” என்ற முதலாளி என் தோளில் கையைப் போட்டார். “பிளேயரு இங்கனயே இருக்கட்டும். காலண்டர் மொதத் தாளு ஒம்ம மேஜைக்குத்தான் வரும்.”

தேரில் ஏறிய சாமி மாதிரி நெஞ்சை நிமிர்த்தி வீதிவலம் வரலாம் போலிருந்தது. கணக்குப்பிள்ளையைப் பார்த்து ஒருமுறை கண்ணடித்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

ஹெச்.டி. படத்துக்கு வேண்டிய கேபிள் பெட்டியில் வரவில்லை. மாட்ட வந்தவர் கையிலும் அன்றைக்கு அது இல்லாததால், பழைய டிவிடி பிளேயரின் மஞ்சள் ஒயரைச் செருகிவிட்டுப் போயிருந்தார். அந்த ஒயரில் எந்த டிஸ்க்கைப் போட்டாலும் சாதாரணப் படம்தான் வரும். ஏழு பேரும் அன்றைக்கு வாயைப் பிளந்து பார்த்தது அதைத்தான்.