ரூபீனா காட்டிய படகு

கச்சேரி ரோட்டில் மசூதியை ஒட்டிய சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரூபீனா, நாற்பத்திரண்டு வயதாகியும் நாகூருக்கு அப்பால் எந்த ஊரையும் நேரில் பார்த்ததில்லை. பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் படிக்கும்போது நிக்காஹ் ஆனது. படிப்பு அதோடு நின்றது. கணவர் உபைத் ஏசி மெக்கானிக். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் ஆதம்பாக்கம், அடையாறு என்று சுற்றிவிட்டு இருட்டியபிறகுதான் வருவார். கடை முழுக்க ரூபீனாவின் பொறுப்பு.

ஒருமுறை சாந்தோம் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர், கண்காட்சிக்கு வானத்திலிருந்து எடுத்த பூமியின் படங்கள் வேண்டும் என்று கேட்டார். தேடும்போது ரூபீனாவுக்கு ஒரு தளம் கிடைத்தது. விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்காகத் தங்கியிருப்பவர்கள், ஜன்னல் வழியாக எடுத்த படங்கள் அதில் லட்சக்கணக்கில் இருந்தன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒவ்வொரு படத்தின் கீழும் தேதி, நேரம், எந்த லென்ஸ், அந்த நிமிஷம் நிலையம் பூமியில் எந்த இடத்துக்கு மேலே இருந்தது என்ற விவரம். டீச்சர் படங்களை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ரூபீனாவால்தான் அந்தத் தளத்தை விட முடியவில்லை.

வாடிக்கையாளர் இல்லாத மத்தியானங்களில் பனிமலைகளையும் எரிமலைகளையும் பார்ப்பாள். தன் ஊரைத் தேடிக் கண்டுபிடிப்பாள். துறைமுகத்தின் இரண்டு சுவர்கள், மெரினாவின் மணல் கோடு, அடையாறு கடலில் சேரும் வளைவு. யாரோ ஒருத்தர் கேமராவோடு மேலே மிதந்துகொண்டு, கீழே நம் ஊர் வருவதைப் பார்த்துப் பட்டனை அழுத்தியிருக்கிறார் என்று நினைக்கும்போது அவளுக்கு மேலெல்லாம் சிலிர்க்கும். எல்லாரும் மொட்டைமாடியிலிருந்து ஊரைப் பார்ப்பார்கள், நீ மட்டும் எங்கிருந்தோ பார்க்கிறாய் என்று உபைத் கேலி செய்வார்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கார்த்திகையில், நொச்சிக்குப்பத்திலிருந்து தேவானை என்ற பெண் கடைக்கு வந்தாள். அவள் கணவன் பிரபுவும், கூட்டாளி வெள்ளைச்சாமியும் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. போன அன்றே காற்று மாறிவிட்டது. கடலோரக் காவல்படை தேடிப் பார்த்துவிட்டு நிறுத்தியாயிற்று. மீன்வளத்துறைக்கும் கலெக்டருக்கும் மனு கொடுக்க, பிரபுவின் ஆதாரையும் போட்டின் பதிவுப் பத்திரத்தையும் நகல் எடுக்க வந்திருந்தாள். லூப் ரோட்டில் மீன் விற்கும் பெண் என்று ரூபீனாவுக்கு முகம் தெரியும். அன்றைக்கு அந்த முகத்தில் உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது.

மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது தேவானை கம்ப்யூட்டரைப் பார்த்தாள். திரையில் மேகத்துக்கு நடுவே நீலமாக ஒரு கடல்.

“இது இன்னா கடலு, க்கா?”

எங்கோ பசிபிக் என்று சொல்லிவிட்டு, மேலே ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் எடுத்த படம் என்று ரூபீனா விளக்கினாள். அவர்கள் கண்ணுக்கு நம் கடல் தெரியுமா என்று தேவானை கேட்டாள். தெரியும் என்றதும், பிரபு போன தேதியைச் சொல்லிப் பார்க்கச் சொன்னாள்.

அந்தத் தேதியில் எதுவும் இல்லை. மூன்று நாள் கழித்து ஒரு படம் இருந்தது. சென்னைக்குக் கிழக்கே வெகுதூரத்தில், மேகம் விலகிய இடத்தில் வெறும் தண்ணீர். ரூபீனா படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். இடது பக்கம் கீழே வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது.

“அது இன்னா?”

“போட்டா இருக்கலாம்.”

துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கும் பெரிய சரக்குக் கப்பல்களே அந்த மாதிரிப் படங்களில் அரிசி நொய் அளவுக்குத்தான் தெரியும் என்பதை ரூபீனா பல தடவை பார்த்திருக்கிறாள். முப்பதடி ஃபைபர் போட் தெரியவே தெரியாது. தெரிந்தேதான் சொன்னாள். தேவானை நாற்காலியைவிட்டு எழுந்து, திரைமேல் விரலை வைத்தாள்.

“அவருதா, க்கா?”

“அவர் போட்டுதான்” என்றாள் ரூபீனா.

அவளை யாரும் வற்புறுத்தவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் அவளால் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். தேவானை அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, பதினோரு நாளில் முதல் தடவையாகப் பசிக்கிறது என்றாள். ரூபீனா தன் டிபன் பாக்ஸைத் திறந்து கொடுத்தாள். படத்தைக் கலரில் எடுத்து லேமினேட் செய்தாள். படத்தின் கீழே இருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். நல்ல காரியம் செய்ததாகவே அன்று வீட்டுக்குப் போனாள்.

அந்தத் தாளோடு பிரபுவின் தம்பி செந்தில்குமார் கடலுக்குக் கிளம்பினான். எண்களை ஜி.பி.எஸ்.ஸில் ஏற்றிக்கொண்டு, டீசலும் ஐஸும் நிரப்பிக்கொண்டு நாலு பேர் பெரிய போட்டில் போனார்கள். புள்ளி இருந்த இடத்திலிருந்து நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்திருக்கும் என்று கணக்குப் போட்டு, ஆறு நாளுக்குத் திட்டம்.

அவர்கள் போய் இரண்டாம் நாள், அதே டீச்சர் பாலைவனப் படம் வேண்டும் என்று மறுபடி வந்தார். பெரிய சார்ட்டுக்கு என்பதால் ரூபீனா மூலை மூலையாகப் பெரிதாக்கிச் சரிபார்த்தாள். மணலின் நடுவே, இடது பக்கம் கீழே வெள்ளையாக ஒரு புள்ளி. திரையில் தூசி என்று நினைத்துத் துப்பட்டாவால் துடைத்தாள். போகவில்லை. அந்த மாதத்தில் அதே கேமராவில் எடுத்த வேறு படங்களைத் திறந்தாள். பனிமலையின் நிழல் பக்கத்தில், அதே இடத்தில் அதே புள்ளி. இருட்டில் ஒரு நகரத்தின் விளக்குகளுக்கு வெளியே, அதே இடத்தில்.

தேடிப் படித்தபோது புரிந்தது. மேலே கதிர்வீச்சு அதிகம். அது கேமராவுக்குள் இருக்கும் சென்சாரைப் பொத்தலிடும். பழுதான இடம் ஒவ்வொரு படத்திலும் வெள்ளைப் புள்ளியாக விழும். கேமரா எங்கே போனாலும் அந்தப் புள்ளியும் கூடவே போகும்.

டீச்சர் போன பிறகு கடையைப் பாதி சாத்திவிட்டு ரூபீனா உட்கார்ந்திருந்தாள். நாலு பேர் அந்த நேரத்தில் அவள் எழுதிய எண்களைத் தேடிக் கடலில் இருந்தார்கள். குப்பத்துக்கு ஓடிப்போய்ச் சொன்னால் ஒயர்லெஸ்ஸில் கூப்பிட்டுத் திருப்பியிருக்கலாம். அவள் போகவில்லை. வீட்டில் உபைத்திடம் சொன்னாள். அவர், அந்தப் பெண் இப்போது அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள், பிடுங்கினால் விழுந்துவிடுவாள், கொஞ்ச நாள் போகட்டும் என்றார். ரூபீனா அந்த வார்த்தைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

நாலு பேரும் ஏழாம் நாள் வெறுங்கையோடு திரும்பினார்கள். செந்தில்குமார் முகத்தில் வெயிலில் தோல் உரிந்திருந்தது. ஆனால் தேவானை தளரவில்லை. போட் பர்மா பக்கம் போயிருக்கும், அங்கே யாராவது பிடித்து வைத்திருப்பார்கள், முன்பும் அப்படிப் போனவர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று சொன்னாள். படத்தைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறினாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைக்கு வந்து சங்கராவோ வஞ்சிரமோ ஒரு பையில் வைத்துவிட்டுப் போவாள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வாள். “நீ கண்ணு குடுத்தவ, க்கா” என்பாள்.

வீட்டில் எல்லாரும் அந்த மீனைச் சாப்பிட்டார்கள். ரூபீனா தட்டில் வைத்துப் பிசைந்துகொண்டிருப்பாள். வாரா வாரம், அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். தேவானை சிரித்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் நாக்கு எழாது. தொழுகையில் உட்கார்ந்தால் அந்த எண்கள் ஞாபகம் வரும். அந்தத் தளத்தை அவள் அதற்கப்புறம் திறக்கவேயில்லை.

இப்படி ஒன்றரை வருஷம் ஓடியது. ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம், ரூபீனாவுக்குத் தெரியாத ஒரு பெண் வந்து கடை வாசலில் நின்றாள். கோட்டூர்புரத்தில் வீட்டு வேலை முடித்து நேராக வந்திருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. பெயர் வைதேகி என்றும், பிரபுவோடு போன வெள்ளைச்சாமியின் மனைவி என்றும் சொன்னாள். தேவானையிடம் இருக்கும் படத்தில் தனக்கும் ஒன்று வேண்டுமாம்.

ரூபீனா அவளை உட்கார வைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. போட் காணாமல் போன பதினாறாம் நாள், பெரியவர்கள் சொன்னபடி வைதேகி காரியம் செய்துவிட்டாள். மறுநாளிலிருந்தே குப்பத்தில் பேச்சு தொடங்கியது. போட்டு மிதந்துக்கினு கீது, அதுக்குள்ள பொட்டை அழிச்சிட்டா என்று குழாயடியில் அவள் காதில் விழவே பேசினார்கள். அதில் அதிகம் பேசியது தேவானை. இரண்டு பேரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்கள். ஒன்றரை வருஷமாகப் பேச்சு இல்லை.

“நான் உசுரோட கீற மனுசனுக்குக் காரியம் பண்ணிட்டேனாம். படத்த பெருசு பண்ணா உள்ள ஆளு தெரியுமா, க்கா? ஒரு ஆளா ரெண்டு ஆளான்னு மட்டும் பாத்துச் சொல்லு.”

பிரிண்டர் ரிப்பேர், நாளைக்கு வா என்றாள் ரூபீனா. அது இன்னொரு பொய். வைதேகி போன பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மறுபடி அந்தத் தளத்தைத் திறந்து, கடல், பாலைவனம், பனிமலை என்று மூன்று படங்களை எடுத்தாள். மூன்றிலும் அதே மூலையை அதே அளவில் வெட்டி, மெல்லிய தாளில் அச்சிட்டாள்.

மறுநாள் காலையில் வைதேகி வந்தபோது எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. வைதேகி பெஞ்சில் உட்கார்ந்து மூன்று தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவள் திட்டுவாள் என்று ரூபீனா எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“அவகிட்ட போய்ச் சொல்லு” என்றாள் வைதேகி. “நானும் வரேன்.”

ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாவது மாடி. வைதேகியை வாசலில் பார்த்ததும் தேவானையின் முகம் இறுகியது. ரூபீனாவைப் பார்த்துக் கொஞ்சம் இளகியது. உள்ளே சுவரில் மாலை போடாத பிரபுவின் போட்டோ. அதற்குப் பக்கத்தில் லேமினேட் செய்த கடல். ரூபீனா நின்றபடியே சொன்னாள். தேவானை தாள்களை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். மூன்று புள்ளியும் ஒரே புள்ளியாக விழுந்தது.

கை இறங்க வெகுநேரம் ஆயிற்று. திரும்பாமலே கேட்டாள்.

“உனக்கு எப்போ தெரியும்?”

இந்தக் கேள்வி மட்டும் வரக்கூடாது என்று வழியெல்லாம் ரூபீனா துஆ செய்துகொண்டு வந்திருந்தாள். நேற்று என்று சொல்லிவிட்டால் போதும். யாருக்கும் தெரியாது.

“படம் குடுத்த அடுத்த வாரமே. செந்தில்குமார் கடல்ல இருக்கும்போதே.”

“அப்பலேர்ந்து வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை என் கையால மீன் வாங்கிக்கின.”

“ஆமா.”

தேவானை வைதேகியின் பக்கம் திரும்பினாள். அவளை என்னென்ன சொல்லியிருந்தாளோ எல்லாம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். வைதேகி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைச் சொன்னதை விடு, அண்ணனுக்குச் செய்யவேண்டியதைச் செய் என்று மெதுவாகச் சொன்னாள்.

“நீ போ, க்கா” என்றாள் தேவானை.

ரூபீனா படியிறங்கி வந்தாள். லூப் ரோட்டில் மீன் வாங்குகிறவர்கள் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கடைக்கு நடந்தாள்.

ஆடி அமாவாசையன்று கரையில் பிரபுவுக்குக் காரியம் நடந்ததாக வைதேகி வந்து சொன்னாள். ரூபீனாவை யாரும் கூப்பிடவில்லை. தேவானை இப்போது நகல் எடுக்க லஸ் பக்கம் போகிறாள். ஒருநாள் தெருவில் எதிரே வந்தவள் ரூபீனாவைப் பார்த்ததும் அந்தப் பக்கம் கடந்துவிட்டாள். என்னைத் திட்டுகிறாளா என்று ரூபீனா ஒருமுறை வைதேகியிடம் கேட்டாள்.

“திட்டல, க்கா. உன் பேரையே எடுக்கறதில்ல.”

திட்டுகிறாள் என்று சொல்லியிருந்தால் அன்றிரவு கொஞ்சமாவது தூங்கியிருப்பாள்.

உபைத் மட்டும், நான்தானே கொஞ்ச நாள் போகட்டும் என்றேன், பாதி பாவம் என் தலையில் என்று அடிக்கடி சொல்வார். அது ஆறுதலுக்கான பேச்சு என்று அவளுக்குத் தெரியும். பொய் அவள் வாயிலிருந்து வந்தது. அதை வளர்த்ததும் அவள்.

இந்த ரம்ஜானில், மூன்றாம் நோன்பு அன்று மசூதியில் கஞ்சி வாங்கும்போது, ரூபீனா ஒரு தூக்கில் தனியாக வாங்கி வைதேகியிடம் கொடுத்தாள். யாருக்கு என்று சொல்லவில்லை. வைதேகியும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் தூக்கு திரும்பி வந்தது. நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற பழக்கம் குப்பத்தில் கிடையாது. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவார்கள்.

“குடிச்சாளா?” என்று ரூபீனா கேட்டாள்.

“தேவானை அவ பொண்ணுக்கு ஊத்துனா. அவ குடிச்சாளான்னு நான் பாக்கல.”

கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். ரூபீனா தூக்கைக் கீழே வைத்துவிட்டு, முதலில் நின்றவரின் கையிலிருந்து ரேஷன் கார்டை வாங்கி, எத்தனை காப்பி என்று கேட்டாள்.