முள்ளு மட்டும் பறக்குது

நெட்டு லைன் இழுக்குறவனுக்கு போஸ்ட்டு மேல ஒரு பயமும் கெடையாது, கீழ இறங்கி கஸ்டமர் மூஞ்சியப் பாக்கணுமேன்னுதான் பயம். போன்ல வட்டம் சுத்துறதையே பாத்துப் பாத்து நொந்து போனவங்களே, நீங்களும் நானும் ஒரே கட்சி. நீங்க உள்ள உக்காந்து திட்டுறீங்க, நான் வாசல்ல நின்னு வாங்குறேன், அவ்ளோதான்.

முள்ளு

காட்டூர்ல ரஹ்மத் அக்கா. வெளியூர்ப் பிள்ளைங்களுக்கு வீடியோ கால்ல குர்ஆன் ஓதக் கத்துக் குடுக்குறாங்க. வீட்டுக்காரரு துபாய்ல இடுப்ப ஒடச்சிக்கிட்டு வந்து படுத்துட்டாரு. க்ளாஸ் ஓடுனாத்தான் வீடு ஓடும். க்ளாஸ்தான் ஓடல. அக்கா "அலிஃப்"ம்பாங்க, மூஞ்சி அப்படியே நின்னுடும். பிள்ளைங்க அந்தப் பக்கம் வாயத் தொறந்துக்கிட்டு காத்துக் கெடக்கும். அந்தத் தெருவுக்கு வேற கம்பெனி கம்பியும் கெடையாது.

நான் போயி வேகம் அளக்குற ஸ்பீடு டெஸ்ட்டப் போட்டேன். முள்ளு சர்ருன்னு கடைசி வரைக்கும் போச்சு. "பாருங்கக்கா, பறக்குது!"ன்னேன், ஏதோ நானே ஓட்டுன மாதிரி. அக்கா முள்ளையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க.

"அப்ப இனிமே பிள்ளைங்கள இந்த முள்ளுக்கிட்டயே ஓதச் சொல்லவா தம்பி?"

ஏணி

ஆபீஸ்ல மேனேஜரக் கேட்டேன். கம்பெனி சொந்தமா ஒரு சினிமா ஆப் வச்சிருக்கு, கம்பியில அது மொதல்ல போவணுமாம். ஸ்பீடு டெஸ்ட்டு அதுக்கும் முன்னாடி. மத்தவன் வீடியோ காலெல்லாம் ஓரமா நிக்கணுமாம். "எல்லாத்துக்கும் சேத்துத்தான சார் கஸ்டமர் பணம் கட்டுறாங்க?"ன்னேன். தலையத் தூக்கவே இல்ல மனுசன்.

"உனக்கு ஏணி குடுத்தது போஸ்ட்டுல ஏறத்தான்ப்பா, என் தலையில ஏற இல்ல."

ரெண்டு வரிசை

ஸ்ரீரங்கத்துல ரங்கராஜன் மாமா வீடியோவுல பிரபந்தம் சொல்லித் தர்றவரு. அங்கயும் அதே நோவு. பாசுரம் பாதியில நிக்குது, மாமியோட சீரியல் மட்டும் எங்க கம்பெனி ஆப்புல கண்ணீர் சொட்டு தெரிய வருது. விஷயத்தச் சொன்னேன். எதையும் ஓரங்கட்டாம எல்லாத்தையும் ஒண்ணு போல விடணும்னு சர்க்கார் விதியே இருக்கு, புகார் குடுக்கலாம்னாரு. கதவச் சாத்தறப்ப பொலம்பிக்கிட்டே சாத்துனாரு.

"பெருமாளச் சேவிக்கத்தான் தர்ம தரிசனம், ஸ்பெஷல் தரிசனம்னு ரெண்டு வரிசை, உங்க கம்பிக்குள்ளேயுமாடா?"

அதிகாரி வராரு

ஓடிப்போயி ரஹ்மத் அக்காகிட்ட சொன்னேன். அவங்களும் சர்க்காருக்குப் புகார் போட்டாங்க, விசாரிக்க ஆள் வரும்னு பதிலும் வந்துச்சு. அதுக்குள்ள பாதிப் பிள்ளைங்க வேற டீச்சர்ட்ட போயிடுச்சு.

சர்க்கார் அந்தப் புகார கம்பெனிக்கு அனுப்ப, கம்பெனி ஆபீசுக்கு அனுப்ப, ஆபீஸ் என் போனுக்கு அனுப்பிடுச்சு. போனேன். வாசல் கழுவியிருக்கு. நல்ல நாற்காலி ஒண்ணு, தட்டுல சமோசா. வீட்டுக்காரரு இடுப்பப் புடிச்சிக்கிட்டு இஸ்திரி போட்ட சட்டையில நிக்கிறாரு. அக்கா என் முதுகுக்குப் பின்னாடி எட்டிப் பாத்து, "அதிகாரி வண்டிய நிறுத்திட்டு வராரா?"ன்னாங்க.

நான்தான்க்கான்னேன். முள்ளப் படம் புடிச்சு அனுப்பணும், அதான் உத்தரவு. அனுப்புனேன். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது"ன்னு அக்கா போன்ல டிங்குன்னு வந்துச்சு, அது மட்டும் எங்கயும் நிக்கல. பின்னாடியே இன்னொண்ணு. மிச்சப் பிள்ளைங்களும் நாளையிலேந்து வராதுன்னு எல்லாருக்கும் சேத்து ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. அந்த நாற்காலியில வீட்டுக்காரரு மெதுவா உக்காந்தாரு. அக்கா தட்ட என் பக்கம் தள்ளுனாங்க.

"சாப்புடுங்க தம்பி, சர்க்காருக்குன்னு பொரிச்சது."

சட்டம் டில்லியிலேந்து ஃபுல் ஸ்பீடுலதான் கெளம்புது, காட்டூர் வந்து சேர்றதுக்குள்ள வட்டம் சுத்த ஆரம்பிச்சிடுது.