வெள்ளைப் புடவை

தொண்ணூறுகளில், சனிக்கிழமைதோறும் புறநகரான புரோசார்டிலிருந்து மாண்ட்ரியலுக்குள் போய், ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள அறையில் ஈழத்து அகதிப் பிள்ளைகளுக்கு இலவசமாக நாடகம் சொல்லிக்கொடுத்தேன். சென்னைக்காரியான எனக்கு அதில் பெருமை வேறு.

ஒரு நாடகத்தில் விதவை வேடம் இருந்தது. பதினான்கு வயது சுகந்திக்குக் கொடுத்தேன். அவளுக்கு அப்பா இல்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இயல்பாக நடிப்பாள் என்று நினைத்தேன். "அம்மாவோட வெள்ளைப் புடவை ஒண்ணு எடுத்துட்டு வா" என்றும் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம், தையல் ஃபாக்டரியிலிருந்து நேராக அவள் அம்மா வந்தார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

"அவரை ஆமி பிடிச்சுக்கொண்டு போய் ஆறு வருசமாச்சுது. செத்துப்போனாரெண்டு எங்களுக்கே ஒருத்தரும் சொல்லேல்லை. உங்களுக்கு ஆர் சொன்னது, டீச்சர்?"

குரலை உயர்த்தவே இல்லை. "சுகந்தியை இனி அனுப்ப மாட்டீங்களா?" என்றேன்.

"அனுப்புவன். அவளுக்கு நடிப்பெண்டால் உயிர். அந்த வேசம் மட்டும் வேண்டாம்."

அந்த வேடத்தையே எடுத்துவிட்டேன்.

நாடகத்தன்று அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் தன் கோட்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். அறை நிரம்பி, பலர் சுவரோரம் நின்றார்கள். அந்த இடம் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஒரு வார்த்தை விசாரிக்காமல் அவரை விதவையாக்கியவள் நான். கடைசிவரை நின்றுகொண்டே பார்த்தேன்.