ஒற்றை மாட்டோடு வந்தவர்

எங்கள் பூட்டனார், அதாவது அப்பாவின் தாத்தா, ஒற்றை மாட்டோடு ஆறு தாண்டி வந்தவர். எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு ஜெபம் வாயில் நுழைவதற்கு முன்பே இந்தக் கதை நுழைந்துவிடும். கடத்தூருக்குப் பக்கத்தில் முள் மண்டிக் கிடந்த ஒரு மேட்டில் மாடு படுத்துக்கொண்டதாம். இவர் எழுப்பிப் பார்த்தாராம். அது எழவில்லை. சரி, இதுதான் நம் ஊர் என்று அங்கேயே காடு திருத்தினாராம்.

ஜோடி மாடு இல்லாததால் நுகத்தடியின் மறுபக்கத்தைத் தன் தோளில் வாங்கி உழுதாராம். அதனால் ஒவ்வொரு வருஷமும் முதல் மழைக்கு எங்கள் ஆட்கள் ஒற்றை மாட்டைத்தான் பூட்டுவார்கள். மறுபக்கம் வீட்டின் மூத்த ஆண் தோள் கொடுத்து ஒரு சால் ஓட்டியாக வேண்டும். அப்பா ஓட்டிவிட்டு வரும்போது பார்க்க வேண்டுமே, ஊரையே அவர்தான் உண்டாக்கியது போல நடந்து வருவார். எனக்கும் அந்தப் பெருமை கொஞ்சமல்ல.

மார்கழிப் பனியில் போர்வைக்குள் கண்ணை மூடினால் பூட்டனார் நடந்துகொண்டே இருப்பார். முகம் தெரியாது. மாட்டின் மணி மட்டும் கேட்கும். நானும் பின்னாலேயே போவேன். எங்கே போகிறோம் என்று தெரியாமலேயே தூங்கிவிடுவேன்.

அறுபதுகளின் கடைசியில் மாட்டுச் சந்தையில் அப்பா வழக்கம்போல இந்தக் கதையை அளந்துகொண்டிருந்தபோது, அக்கரையிலிருந்து வந்த ஒருவர் குறுக்கிட்டார்.

"அந்த மாட்டுக்காரரோட தங்கச்சி எங்கூர்ல இன்னும் இருக்குதுங்க. ஒவ்வொரு திருநாளுக்கும் அவருக்கு இலை போட்டு வெக்குது."

அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புத்தாண்டன்று என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறினோம். தண்ணீரும் பனியும் ஒரே நிறமாக இருந்தன. பரிசல் மெல்லச் சுற்றியதில் இக்கரை எது, அக்கரை எது என்று எனக்குக் குழம்பிவிட்டது. இந்த வழியாகத்தானே அவர் வந்தார் என்று நினைத்ததும் உடம்பு சிலிர்த்தது.

சந்தையில் பார்த்தவர் முன்பே சொல்லிவைத்திருந்ததால், அந்த ஊர் எல்லையில் கிழவியின் மகன் எங்களை எதிர்கொண்டார். வாங்க என்று சொன்ன கையோடு அப்பாவைத் தனியே இழுத்தார்.

"அவரு செத்துட்டாருன்னு மட்டும் அம்மாகிட்ட சொல்லிராதீங்க. கல்லறைத் திருநாளுக்கு அவர் பேருக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்த வுட்டதில்ல. உசுரோட இருக்கறவனுக்கு எதுக்குங்கும்."

"செரிங்க," என்றார் அப்பா. பிறகு பூட்டனாரின் மாட்டைப் பற்றிப் பெருமையாக ஆரம்பித்தார்.

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அது ஜோடி மாட்டுல ஒண்ணுங்க. அப்பன் மேல கோவத்துல அவுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அந்த வருசம் அந்த அப்பன்தான், எங்க தாத்தன், நுகத்துக்குத் தோள் குடுத்தாரு. அந்தப் புண்ணு கடைசி வரைக்கும் ஆறல."

அப்பாவின் முகம் செத்துவிட்டது. அக்கரை என்ற பேச்சை எடுத்தாலே பூட்டனார் ஏன் எழுந்து போய்விடுவார் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்கும்.

வீட்டுக்குள் இலைகள் போட்டிருந்தார்கள். ஓரத்து இலையில் சோறு பரிமாறியிருந்தது, ஆள் இல்லை. அதன் பக்கத்தில் அந்தத் தங்கை உட்கார்ந்திருந்தாள். உலர்ந்து சுருங்கிய சிறிய உருவம். கண் மட்டும் தெளிவாக இருந்தது. நாங்கள் யார் என்று மகன் சொன்னதும் அவள் சுற்றி வளைக்கவில்லை.

"உங்க தாத்தன் இருக்கானா?"

மகன் அப்பாவைப் பார்த்தார். அப்பா எதற்கெடுத்தாலும் சத்தம் போடுவார். பொய் மட்டும் வராது.

"இல்லீங்க ஆயா. எனக்குக் கல்யாணம் ஆவறதுக்கு முன்னாலயே போயிட்டாருங்க."

அவள் அழுதாள். எப்போதோ செத்தவருக்கு, பிணம் வாசலில் கிடப்பது போல மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் வீட்டில் அவருக்காக யாரும் அழுது நான் பார்த்ததில்லை. எங்களுக்கு அவர் வந்தவர். இவளுக்கு அவர் போனவன்.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாடு?"

"நல்லா இருந்துச்சுங்க. எங்க காட்டுலயே கெழடாகித்தான் செத்துச்சாம். அந்த மாட்டுக்கு நாங்க..."

"மாடு கெடக்குது வுடு. போய்ச் சேந்தேன்னு ஒரு வார்த்த சொல்லியனுப்பியிருந்தா அப்பன் நிம்மதியா கண்ண மூடியிருப்பான். ஆறு கொண்டுபோச்சோ, புலி தின்னுச்சோன்னு கெடந்தான்."

பிறகு அப்பாவின் கையைப் பிடித்து அந்த இலையின் முன்னால் உட்காரவைத்தாள். அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் கிளம்பும்போது தடி ஊன்றி ஒற்றையடிப் பாதை வரை வந்தாள். "ஆறு தாண்டிப் போறீங்க. போய்ச் சேந்ததும் சொல்லியனுப்பு சாமி," என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் நான் தூங்கினேன். ஒகேனக்கல்லில் தங்கிவிட்டு, அதற்கடுத்த நாள் விடிகாலை பஸ்ஸைப் பிடித்துக் கடத்தூரில் இறங்கினோம். அப்பா வீட்டுப் பக்கம் திரும்பாமல் தபால் ஆபீசுக்கு நடந்தார். அது இன்னும் திறக்கவில்லை. எனக்குப் பசியில் அழுகை வந்தது.

"வூட்டுக்குப் போலாம்ப்பா."

"இரும்மா, சொல்லிட்டுப் போயிரலாம்," என்று அப்பா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.