மச்சானின் கறுப்புக் காரும் உம்மாவின் தும்பும்

கல்முனை பஸ் நிலையத்துக்கு முன்னால் உச்சி வெயிலில் ஒரு கறுப்புக் கார் நின்றால், இன்றைக்கும் குனிந்து அதன் பொனட்டைப் பார்த்துவிட்டுத்தான் நடப்பேன். வெளிச்சம் விழுகிற இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்டக் கீறல்கள் தெரியும். நிழலில் ஒன்றும் தெரியாது. மச்சானின் காரையும் வெயில்தான் காட்டிக் கொடுத்தது. அந்தக் காரை விற்றுவிட்டு அவர் கட்டாருக்குப் போய் இப்போது கனகாலம்.

என் அக்கா, ராத்தாவின் கலியாணம் முடிந்ததும், எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையான மச்சான் சம்மாந்துறையில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். கல்முனையில் புடவைக்கடை வைத்திருந்தவர். கூடவே அவருடைய காரும் வந்தது. அதுவரை எங்கள் வளவில் நின்ற ஒரே வாகனம் வாப்பாவின் இரண்டு சில்லு உழவு மெஷின்.

உம்மா மருமகனோடு நேரே கதைக்க மாட்டா. எங்கள் பக்கத்து மாமிமார் பலர் அப்படித்தான். முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று, "கறிக்கு உப்புக் காணுமா எண்டு கேளு மகன்" என்பா. உப்புப் போதுமா என்ற அந்தக் கேள்வி இரண்டடி தள்ளி இருக்கிற மச்சானுக்கு நன்றாகவே கேட்கும். "எல்லாம் நல்லம் எண்டு சொல்லுங்க மச்சான்" என்பார் என்னிடம்; அவருக்கு நானும் மச்சான்தான். நான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்லுவேன்.

கதைக்க முடியாததை எல்லாம் உம்மா அந்தக் காருக்குச் செய்தா. விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு வாளித் தண்ணீரும் சவர்க்காரத் தூளும் தேங்காய்த் தும்பும் எடுத்துக்கொண்டு போய்விடுவா. பக்கத்து அரிசி ஆலைத் தூசு இரவில் காரில் படிந்திருக்கும். காகம் எச்சமிட்ட இடத்துக்குச் சட்டி தேய்க்கிற சாம்பலையும் தொட்டுக்கொள்வா. சட்டியைப் போலவே வட்டம் வட்டமாகத் தேய்ப்பா. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது பிழையென்று எனக்கும் தெரியாது.

ஒரு மாதம் போனது. கடைக்கு முன்னால் நின்ற காரைப் பார்த்துவிட்டு மச்சானின் கூட்டாளி கேட்டாராம்: "என்னடாப்பா, மாமியார் ஊட்டுல கார அம்மியில போட்டு அரைக்கிறாங்களா?"

மச்சான் வீட்டில் மூச்சு விடவில்லை. என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு போய் வெயிலில் நிறுத்தி, வட்டக் கீறல்களைக் காட்டினார். எனக்கு முகம் கறுத்துவிட்டது.

"மாமிக்குத் தெரியப்படாது மச்சான். தெரிஞ்சா, மறுகா நான் இரிக்கிற பக்கமே வரமாட்டாங்க" என்றார்.

உண்மைதான். விருந்தாளிக்குக் கொடுத்த தேத்தண்ணியில் எறும்பு கிடந்ததற்கு ஒரு வருஷம் கவலைப்பட்டவ உம்மா.

எங்கள் குடும்பத்தில் கெம்பஸ் வரைக்கும் போன முதல் ஆள் நான். படித்தால் எதையும் செய்யலாம் என்று அப்போது முழுதாக நம்பினேன். கார்க் கீறல்களைத் தேய்த்துப் போக்குகிற கட் அன்ட் பொலிஷ் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கொப்பியில் குறிப்பு எழுதினேன். மச்சான் அதைப் புரட்டிவிட்டு, "இதுல எத்தின மார்க்ஸுக்குக் கேள்வி வரும்?" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவருடைய கூட்டாளியின் கராஜில் பொலிஷ் மெஷினை இரவல் வாங்கித் தொடங்கினோம். நன்றாகக் கழுவி, ரப்பர் ஓரங்களுக்கு டேப் ஒட்டி, பின் கதவில் ஒரு கையகல இடத்தில் முதலில் முயன்று பார்த்தோம். கீறலை வெட்டி எடுக்கிற பசையைத் தடவி, மெஷினை மெதுவாக நெடுக்கில் ஒருமுறை, குறுக்கில் ஒருமுறை. புறங்கையை வைத்துப் பார்த்துத் தகடு சுட்டால் நிறுத்த வேண்டும். விளிம்புகளில் பெயின்ட் மெல்லிசு, அங்கே அழுத்தக் கூடாது. துடைத்துவிட்டு ஃபோன் டோர்ச்சைப் பிடித்தோம். அந்தக் கையகல இடத்தில் எங்கள் இரண்டு பேரின் முகமும் தெரிந்தது. மச்சான் டோர்ச்சை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார்.

ஜும்ஆத் தொழுகைக்குப் போய் வந்து, பின்னேர அஸர் வரைக்கும் தேய்த்தோம். கடைசியில் மெல்லிய நுரைத்தட்டைப் பூட்டி, மினுக்குகிற பசையால் ஒரு சுற்று. பொனட்டில் சாம்பல் பட்ட இடத்தில் மட்டும் மூன்று கோடுகள் போகவில்லை. நகத்தை ஓட்டினால் தடக்கியது. நகம் தடக்குகிற கீறல் பொலிஷில் போகாது, விடாமல் தேய்த்தால் பெயின்ட்தான் போகும் என்று என் கொப்பியிலேயே இருந்தது. விட்டுவிட்டோம்.

வீட்டுக்கு வந்தபோது உம்மா யன்னலால் பார்த்தா.

"பாத்தியா மகன், ஒரு மாதமா விடாமத் தேய்ச்சதுக்கு இப்பதான் பலன் தெரியுது."

நானும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. விடிந்தால் உம்மா திரும்பவும் தும்பை எடுப்பா. அதற்கு என் கொப்பியில் ஒன்றும் இல்லை.

காலையில் வாளிச் சத்தத்துக்குத்தான் விழித்தேன். ஓடிப்போனால், மச்சான் எனக்கு முந்திவிட்டார். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்தவர் தொப்பியோடு காருக்கு முன்னால் நிற்கிறார். உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு, தும்பும் கையுமாக டிக்கிப் பக்கம் ஒதுங்கி நிற்கிறா. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"மாமி" என்றார் மச்சான். உம்மாவை அவர் நேரே அப்படிக் கூப்பிட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன். கையில் ஒரு மெத்தென்ற மஞ்சள் துணி. "இதால ஒருக்காத் துடைச்சிப் பாருங்களன். நான் தண்ணி ஊத்துறன்."

உம்மா துணியை வாங்கவில்லை. முன்னால் வந்து பொனட்டைப் பார்த்தா. அந்த மூன்று கோடுகளிலும் நகத்தை ஓட்டிப் பார்த்தா. பிறகு கையில் இருந்த தும்பைப் பார்த்தா. தும்பைக் கொண்டுபோய்ச் சட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து, துணிக்குக் கையை நீட்டினா.

இப்போது மச்சான் கட்டாரில் இருந்து ஃபோன் எடுத்தால் உம்மாவோடுதான் அதிக நேரம் கதைப்பார். இடையில் நின்று சொல்ல என்னை ஒருவரும் கூப்பிடுவதில்லை. அந்த வேலை என் கையை விட்டுப் போனது அன்றைய பகல் சோற்றில்தான். வழக்கம் போல மச்சானுக்குப் பக்கத்தில் கேள்விக்காகக் காத்திருந்தேன்.

"மருமகன், கறிக்கு உப்புக் காணுமா?"

மச்சான் சோற்றுக் கையோடு கொஞ்சம் யோசித்தார்.

"காணாது மாமி. முதல் நாள்ல இருந்தே கொஞ்சம் காணாது."

உள்ளே ராத்தா வெடித்துச் சிரித்தா. உம்மா உப்புச் சிரட்டையோடு கதவுக்கு இந்தப் பக்கம் வந்தா.